நாமக்கல் விடுதியா, ஸ்கேட்டிங் தளமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் பத்தாம் வகுப்பில் 471 வாங்கியிருக்கிறாள், ஸ்பீடு ஸ்கேட்டிங்கில் மாநில அளவில் இரண்டு பதக்கம். உங்கள் கணவர் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் முன்பணம் கட்டிவிட்டு வந்துவிட்டார். பயிற்சியாளரோ, “இரண்டு வருடம் படிப்பை ஓரமாக வையுங்கள், உலக சாம்பியன்ஷிப்புக்கு அனுப்பிக் காட்டுகிறேன்” என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். இருவருமே அவசரப்படுகிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

“சக்கரம் கட்டிக்கொண்டு ஓடுவதற்கெல்லாம் உலகப் போட்டியா?” என்று உங்கள் கணவர் கேட்டாராம். இருக்கிறது. அதில் நம் ஊர்ப் பையன் ஒருவர் தங்கமே வென்றிருக்கிறார். சென்னையைச் சேர்ந்த ஆனந்த்குமார் வேல்குமார், 2025 செப்டம்பரில் சீனாவின் பெய்தைஹே நகரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டர் ஸ்பிரிண்ட்டை 1 நிமிடம் 24.924 விநாடியில் முடித்தார். சீனியர் பிரிவில் இந்தியா அதற்கு முன் உலகத் தங்கம் பார்த்ததில்லை. அதே போட்டியில் 500 மீட்டரில் வெண்கலம், 42 கிலோமீட்டர் மாரத்தானில் இன்னொரு தங்கம். ஒன்றரை நிமிட ஓட்டத்திலும் மாரத்தானிலும் ஒரே ஆள் வெல்வதைத் தடகளத்தில் கற்பனைகூடச் செய்ய முடியாது.

ஆனால் பயிற்சியாளரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியது வேறொரு தகவல். இதே ஆனந்த்குமார் ஜூனியர் பிரிவில் வெள்ளி வென்றது 2021இல், கொலம்பியாவின் இபாகே நகரில். 15 கிலோமீட்டர் எலிமினேஷன் பந்தயம் அது. குறிப்பிட்ட சுற்றுகளில் கடைசியாக வருபவரைக் கழித்துக்கொண்டே போவார்கள். அந்த வெள்ளிக்கும் பெய்தைஹே தங்கத்துக்கும் நடுவே நான்கு வருடம். 2023இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் தொடரோட்டத்தில் வெண்கலம், 2025 ஆகஸ்டில் செங்டு உலக விளையாட்டுப் போட்டியில் இன்னொரு வெண்கலம் என்று படிப்படியாகத்தான் ஏறியிருக்கிறார். இந்தக் கணக்கை உங்கள் மகளுக்குப் போட்டுப் பார்த்தால், அவள் உச்சத்துக்கு வரும் காலம் கல்லூரி நாட்களில் விழும். பிளஸ் டூவுக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பெண் பிள்ளைக்கு இதில் என்ன இருக்கிறது என்று உங்கள் மாமியார் கேட்டதற்கும் ஹாங்சோவிலேயே பதில் உண்டு. அங்கே பெண்கள் 3000 மீட்டர் தொடரோட்டத்திலும் இந்தியா வெண்கலம் வென்றது. அந்த அணியில் சென்னையின் ஆரத்தி கஸ்தூரி ராஜ் ஓடினார்.

அதே நாளில் நடந்த ஆண்கள் தொடரோட்டத்தின் கடைசி விநாடியை நான் பல பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறேன். தென் கொரியாவின் ஜங் சோல்-வொன் முன்னால் வருகிறார். கோட்டுக்குச் சற்று முன்பே நிமிர்ந்து இரு கைகளையும் உயர்த்துகிறார். பின்னால் குனிந்தபடி வந்த தைவானின் ஹுவாங் யூ-லின் இடது காலை நீட்டிக் கோட்டைத் தொட்டுவிடுகிறார். 4:05.692, 4:05.702. வித்தியாசம் நூறில் ஒரு விநாடி. இதைச் சொல்லி ‘கடைசிவரை கவனம் வேண்டும்’ என்று பாடம் நடத்துவார்கள். அதில் எனக்கு அக்கறை இல்லை. நான் பார்ப்பது அணியில் இருந்த சோய் இன்-ஹோவை. ஆசியத் தங்கம் வாங்கினால் கொரிய இளைஞருக்குக் கட்டாய ராணுவ சேவையிலிருந்து விலக்கு உண்டு. ஒன்றரை வருட வாழ்க்கை அது. தன் பங்கைச் சரியாக ஓடிவிட்டுத் தளத்தில் நின்ற அவருக்கும் அந்த விலக்கு கை நழுவியது. ஒரு பிள்ளையின் முழு எதிர்காலத்தையும் ஒரே கோட்டில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி பணம். இந்த விளையாட்டில் மாதச் சம்பளம் தரும் லீக் எதுவும் இங்கே இல்லை. கோடைக்கால ஒலிம்பிக்கிலும் சக்கர ஸ்பீடு ஸ்கேட்டிங் இல்லை. 2018இல் பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் மட்டும் தலைகாட்டியது. செலவோ குறைவில்லை. கார்பன் பூட், ஃபிரேம், 110 மில்லிமீட்டர் சக்கரங்கள் என்று பந்தயத் தரத்தில் ஒரு செட் வாங்கினால் லட்சத்தைத் தொடும்; சக்கரம் தேய்ந்துகொண்டே இருக்கும். கால் இன்னும் வளர்கிறதென்றால் பூட்டை மட்டுமாவது மூத்த வீரர்களிடம் பழையதாக வாங்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நகையை மட்டும் அடகு வைக்காதீர்கள்.

வேலை என்று வரும்போது எல்லாம் சான்றிதழில் போய் நிற்கும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவன் துணிப்பை நிறையப் பதக்கங்களைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினான். இருபத்தேழு. அதில் ஏழெட்டில் ‘சர்வதேச ஓபன்’ என்று பொறித்திருந்தது. பொறியியல் கலந்தாய்வின் விளையாட்டுப் பிரிவில் அவற்றில் ஒன்றுகூடச் செல்லவில்லை. எல்லாமே நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு யாரோ நடத்திய அழைப்புப் போட்டிகள். அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் கையெழுத்து எதிலும் இல்லை. அவன் அப்பா அந்தப் பதக்கங்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் எந்தப் போட்டிக்குப் பணம் கட்டும் முன்பும் மூன்று கேள்வி கேளுங்கள். நடத்துவது இந்திய ரோலர் ஸ்கேட்டிங் கூட்டமைப்பா, அதன் மாநிலச் சங்கமா, இல்லை பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பா? சான்றிதழில் யார் கையெழுத்து போடுவார்கள்? அரசு கேட்கும் படிவத்தில் தருவார்களா? மத்திய அரசு வேலைக்கு நாட்டுக்காக ஆடியவருக்கு படிவம் 1, தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியவருக்கு படிவம் 2 என்று தனித்தனியாக உண்டு. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு அறிவிப்பிலும் தகுதியான விளையாட்டுகளின் பட்டியல் தனியாக வரும். ஸ்கேட்டிங் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

நாமக்கல் விஷயத்துக்கு வருகிறேன். வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பள்ளிகளைக் குறைசொல்லவில்லை. காலை ஐந்து முதல் இரவு பத்துவரை படிக்கவைக்கும் விடுதியில் ஸ்கேட்டிங் தளத்துக்கு இடம் ஏது? இரண்டு வருடம் சக்கரம் கட்டாத கால் திரும்ப அந்த வேகத்துக்கு வருவது கடினம். அதேபோல் படிப்பை ஓரமாக வைப்பதும் வேண்டாம். உள்ளூரிலேயே ஒரு நல்ல பள்ளி, காலையில் பயிற்சி, காலாண்டுக்குள் விடுப்பு நாட்களைத் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிக்கொள்வது, இதுவே போதும். முன்பணம் திரும்பி வருமா என்று இன்றே கேளுங்கள். வராவிட்டாலும் அதற்காகப் பிள்ளையை அங்கே அனுப்பாதீர்கள்.

இரண்டையும் சேர்த்து இழுத்தவர்கள் உண்டு. அமெரிக்காவின் எரின் ஜாக்சன் சக்கரத்தில் ஓடிக்கொண்டே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தார். பட்டம் வாங்கிய பிறகுதான் பனித்தளத்துக்கு மாறினார். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 500 மீட்டர் தங்கம் அவருக்கு. டாக்டர்தான் வேண்டும் என்கிற உங்கள் கணவரிடம் எரிக் ஹைடனைப் பற்றிச் சொல்லுங்கள். 1980 லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கில், பனித்தள ஸ்கேட்டிங்கில் 500 முதல் 10,000 மீட்டர் வரை ஐந்து தங்கத்தையும் வாரிக்கொண்டு போனவர், பிற்பாடு எலும்பு அறுவை சிகிச்சை மருத்துவர் ஆனார்.

ஒன்று கவனித்தேன். மூன்று பக்கக் கடிதத்தில் மாமனார், மாமியார், கணவர், பயிற்சியாளர் எல்லாரும் என்ன நினைக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பிரிவு எடுக்க ஆசை என்று மகள் சொன்னதாக ஒரு வரிகூட இல்லை. அடுத்த சனிக்கிழமை அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். அவளிடம் அரை மணி நேரம் தனியாகப் பேச வேண்டும். பதக்கங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், சான்றிதழ் கோப்பை மட்டும் எடுத்து வாருங்கள்.