கிணற்றடிக்கு வரும் கருப்பு வெள்ளைக் குருவி எது?

கேள்வி: கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். பணி ஓய்வுக்குப் பிறகு ஆறு மாதமாகக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து பறவை பார்க்கிறேன். முருங்கை, பப்பாளி, செம்பருத்தி, ஒரு பழைய கிணறு, அவ்வளவுதான் தோட்டம். படம் போட்ட புத்தகம் ஒன்று வாங்கினேன். நிறத்தை வைத்துத் தேடினால் ஒன்றும் பிடிபடவில்லை. கிணற்றடிக்குக் கருப்பு வெள்ளையில் ஒரு குருவி வருகிறது. ஒருநாள் வாலைத் தூக்கி வைத்துக்கொள்கிறது, இன்னொரு நாள் ஆட்டிக்கொண்டே நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கரிச்சான் என்கிறார். செம்பருத்தியில் மஞ்சள் வயிற்றுத் தேன்சிட்டும் முழுக் கருப்புத் தேன்சிட்டும் வருகின்றன. பப்பாளியில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட பெரிய பறவை ஒன்று. இவற்றை எப்படி இனம் காண்பது? பைனாகுலர் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. ஒருநாள் வாலைத் தூக்குகிறது, இன்னொரு நாள் ஆட்டுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அது ஒரே குருவி இல்லை. உங்கள் கிணற்றடிக்கு இரண்டு வெவ்வேறு பறவைகள் வருகின்றன.

வாலைத் தூக்கி வைத்திருப்பது குண்டுகரிச்சான். வண்ணாத்திக்குருவி என்றும் சொல்வார்கள். தலை, மார்பு, முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, இறக்கையில் நீளவாக்கில் ஒரு வெள்ளைப் பட்டை. மைனாவைவிடச் சிறியது. தரையில் தத்தித் தத்திப் போய் நிற்கும், சட்டென்று வாலை உயர்த்தும், ஒரு புழுவைக் கொத்திக்கொண்டு கிளைக்கு ஏறிவிடும். ஆணிடம் கருப்பாக உள்ள இடமெல்லாம் பெண்ணிடம் சாம்பல் நிறமாக இருக்கும். கோடை நெருங்கும்போது விடியலில் மொட்டை மாடிக் கம்பியிலோ தென்னை உச்சியிலோ உட்கார்ந்து நீண்ட நேரம் பாடும் பறவை இதுதான். நம் வீட்டுப் பறவைகளில் இதன் பாட்டுக்கு ஈடு கிடையாது என்பது என் கருத்து.

ஆட்டிக்கொண்டே நடப்பது வெண்புருவ வாலாட்டி. இதுவும் கருப்பு வெள்ளைதான், ஆனால் உடல் ஒல்லி, வால் நீளம், கண்ணுக்கு மேலே அகலமான வெள்ளைப் புருவம். முக்கியமாக, இது தத்தாது. கால் மாற்றி வைத்து நடக்கும், ஓடும். நிற்கும்போது வால் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். ஆறு, வாய்க்கால், கிணற்றுமேடு என்று தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து வரும். காவிரிப் பக்கம் வாலாட்டி வராத ஊர் இருக்காது.

சரி, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் கரிச்சான்? அது மூன்றாவது பறவை. முழுக் கருப்பு, வால் நுனி ஆழமாகப் பிளந்து மீன்வால் மாதிரி இருக்கும். அதனால்தான் இரட்டைவால் குருவி என்ற பெயர். மின்கம்பியிலும் மேயும் மாட்டின் முதுகிலும் உட்கார்ந்து பூச்சியைப் பாய்ந்து பிடிக்கும். பெயர் ஒத்திருப்பதால் அவருக்குக் குழப்பம் வந்திருக்கும்.

இப்போது கவனியுங்கள். தத்துகிறதா நடக்கிறதா, வால் எப்படி, எங்கே உட்காருகிறது, இந்த மூன்றிலேயே மூன்று பறவைகளும் பிரிந்துவிட்டன. புதிதாகப் பறவை பார்க்கிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நிழலில் நின்றால் மஞ்சள் பழுப்பாகத் தெரியும். வெயிலுக்கு எதிரே உட்கார்ந்தால் எல்லாப் பறவையும் கருப்புதான். ஆனால் நடக்கும் பறவை எந்த வெளிச்சத்திலும் நடக்கும். நம் முன்னோர் வைத்த பெயர்களும் பெரும்பாலும் செயலைத்தான் சொல்கின்றன. வாலாட்டி, மீன்கொத்தி, மரங்கொத்தி, ஆளைக் கண்டதும் கத்தி ஊரைக் கூட்டும் ஆள்காட்டி, கூட்டைத் தொங்கவிடும் தூக்கணாங்குருவி என்று வரிசையாகச் சொல்லலாம்.

அளவுக்கு உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த பறவைகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். சிட்டுக்குருவி ஏறக்குறைய 15 சென்டிமீட்டர், மைனா 25க்குச் சற்றுக் குறைவு, காகம் 40க்கு மேல். ‘மைனாவைவிடச் சிறியது, சிட்டுக்குருவியைவிடப் பெரியது’ என்று நோட்டில் எழுதினாலே புத்தகத்தில் பாதிப் பக்கங்களைத் தள்ளிவிடலாம். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். படத்தைப் பார்த்த பிறகு எழுதினால், பார்க்காததையும் பார்த்ததாக மனம் சேர்த்துக்கொள்ளும்.

பப்பாளிப் பறவைக்கு வருவோம். காகத்தின் நீளம், அதைவிட ஒல்லியான உடல், நீண்ட வால், பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகளும் பட்டைகளும், சிவந்த கண். இவை பொருந்தினால் அது பெண் குயில். கருகருவென்று இருப்பது ஆண் மட்டும்தான். கூவுவதும் ஆண்தான். பெண் ‘கிக் கிக் கிக்’ என்று அவசரமாகக் கத்திக்கொண்டு பறக்கும். பருந்துக் குஞ்சு என்று இதைத் தவறாகச் சொல்பவர்கள் நிறையப் பேர். அலகைப் பாருங்கள், பருந்து இனத்துக்குரிய வளைந்த கொக்கி அதில் இருக்காது. அப்புறம், எந்தப் பருந்தும் பப்பாளிப் பழத்தில் தலையை நுழைத்துத் தின்னாது.

தேன்சிட்டுதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். உங்கள் செம்பருத்திக்குக் குறைந்தது இரண்டு இனம் வருகிறது. முழுக் கருப்பாகத் தெரிவது ஊதாத் தேன்சிட்டின் ஆண். வெயில் அதன்மேல் விழும் நொடிக்காகக் காத்திருங்கள், கருப்பு அப்படியே நீலமும் ஊதாவுமாக மின்னும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அந்த ஆண் இந்த உடுப்பைக் கழற்றிவிடும். பெண்ணைப் போல மஞ்சளாகி, தொண்டையிலிருந்து வயிறுவரை நடுவில் கருப்புக் கோடு ஒன்று மட்டும் மிஞ்சும். ‘கழுத்துப்பட்டி கட்டிய குருவி’ என்று சிலர் எழுதிக் கேட்பது இதைத்தான். மற்றது ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. இதன் ஆணுக்கு முதுகு அரக்குச் சிவப்பு, வயிறு நல்ல மஞ்சள், ஆண்டு முழுக்க அதே நிறம்.

பெண்களைப் பிரிக்கத் தொண்டையைப் பாருங்கள். தொண்டை வெளுத்துச் சாம்பலாகவும் அதற்குக் கீழே மஞ்சளாகவும் இருந்தால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு. தொண்டையும் மஞ்சளாகவே இருந்தால் ஊதாத் தேன்சிட்டு. அலகு வழக்கத்தைவிட நீண்டு, அரிவாள்போல நன்றாக வளைந்திருந்தால் அது மூன்றாவது இனம், லோட்டன் தேன்சிட்டு. அதுவும் உங்கள் பக்கம் உண்டு. இவற்றை ஹம்மிங்பேர்ட் என்று யாராவது சொன்னால் திருத்துங்கள். அந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே இருக்கிறது.

பைனாகுலர் உடனே வேண்டாம். தோட்டத்தில் பத்தடி தூரத்துக்குக் கண்ணே போதும். வயலுக்கும் ஆற்றுக்கும் போக ஆரம்பித்ததும் 8x42 அல்லது 8x40 என்று குறித்திருப்பதை வாங்குங்கள். எட்டு என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். இருபது மடங்கு என்று விற்பதைக் கையில் பிடித்தால் படம் நடுங்கும். பணம் வீண்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் என்ற செயலி இலவசமாகவே கிடைக்கிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள், ஆனால் அது சொல்லும் பறவையைக் கண்ணால் பார்க்காமல் நோட்டில் ஏற்றாதீர்கள். கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்தும். மைனாக்கள் பயந்து பறந்ததும் அவை விட்டுப்போன இரையை எடுத்துக்கொள்ளும். மைனாவையே ஏமாற்றுகிற குரல் செயலியையும் ஏமாற்றலாம்.

மாதத்தையும் தேதியையும் மறக்காமல் எழுதுங்கள், ஏனென்றால் ஐப்பசி மழையோடு விருந்தாளிகள் வருவார்கள். அவர்களில் ஒன்று உங்கள் கொல்லைக்கே வரக்கூடும். வாழைச் சருகுக்கிடையில் மைனாவைவிடச் சற்றுச் சிறிதாக, வால் இருக்கிறதா என்றே சந்தேகப்படும்படி குட்டை வாலோடு, பச்சை முதுகும் சிவந்த அடிவயிறும் கண்ணில் கருப்புப் பட்டையுமாக ஒரு பறவை சருகைப் புரட்டினால், அசையாமல் உட்காருங்கள். அது தோட்டக்கள்ளன். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வருவது. காலை ஆறு மணி, மாலை ஆறு மணிவாக்கில் இரட்டை விசில் அடிப்பதால் ஆறுமணிக்குருவி என்றும் பெயர். வந்து சேரும் நாட்களில் களைத்துப்போய் வீட்டுக்குள் விழுவதும் உண்டு. அப்படி விழுந்தால் காற்று போகும் அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டாக மூடி, சத்தமில்லாத இடத்தில் ஓரிரு மணி நேரம் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்ததும் பூனை இல்லாத புதர்ப் பக்கம் திறந்துவிடலாம். தெளியாவிட்டாலோ இறக்கை தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செம்பருத்திக்கு வரும் பெண் தேன்சிட்டின் தொண்டை என்ன நிறம் என்று பார்த்து எழுதுங்கள். காலை ஏழு மணிக்கு, வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்காருங்கள்.