முழங்கால் அளவு ஸ்னோவில் குருவிச் சாப்பாடு

வணக்கம் அண்ணா,

நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம். ஊரில் காகத்துக்குச் சோறு வைக்காமல் அம்மா ஒருநாளும் சாப்பிட்டதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்ததிலிருந்து பின்வளவுக் குருவிகளுக்கு வைக்கிறா. நானும் குருவிகளுக்கு விதை போட்டுவைக்கும் ஒரு ஃபீடர் வாங்கிக் கம்பத்தில் மாட்டினேன். இந்தக் கிழமை ஸ்னோ முழங்காலுக்கு மேல் வந்துவிட்டது. கம்பத்தடிக்குப் போக வழியில்லை. அம்மா டெக் கதவைத் திறந்து சோற்றை எறிகிறா, அது அப்படியே புதைந்து போகிறது. "அதுகளுக்குக் கால் குளிராதா?" என்று என்னைக் கேட்கிறா. இவரோ, "நீங்கள் பழக்கிக் கெடுத்துவிட்டீர்கள், இனி அதுகள் தானாய்த் தேடித் தின்னாது" என்கிறார். பெப்ரவரியில் மூன்று கிழமை யாழ்ப்பாணம் போக டிக்கெட் போட்டிருக்கிறோம். நாங்கள் இல்லாத நேரம் அதுகள் செத்துப்போகுமா? இதை நினைத்தே அம்மா பயணம் வேண்டாம் என்கிறா.

ச., ஸ்காபரோ

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், டிக்கெட்டை மாற்ற வேண்டாம். நீங்கள் வைக்கிற சாப்பாட்டை மட்டும் நம்பி அந்தக் குருவிகள் இல்லை.

இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் மார்கரெட் பிரிட்டிங்ஹாம், ஸ்டான்லி டெம்பிள் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிக்கடீக் குருவிகளை வைத்து இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தார்கள். 25 வருடம் தொடர்ந்து சாப்பாடு வைத்துவந்த ஓர் இடத்தில் ஃபீடர்களைக் கழற்றிவிட்டார்கள். ஃபீடரையே அறியாத காட்டுக் குருவிகளோடு ஒப்பிட்டபோது, இரண்டு கூட்டமும் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தன. பழகிய குருவிகள் தேடும் வித்தையை மறக்கவில்லை. ஃபீடர் இருக்கும்போதுகூட அவை ஒரு நாளைக்குத் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுதான் அங்கே தின்றன. மிச்சமெல்லாம் மரப்பட்டை இடுக்கில் இருக்கும் பூச்சி முட்டையும், சிலந்தியும், இலையுதிர்காலத்தில் தாங்களே ஒளித்துவைத்த விதைகளும்தான். ஆகவே பழக்கிக் கெடுத்தீர்கள் என்று உங்கள் கணவர் சொல்வது சரியில்லை.

ஆனால் அம்மாவின் பதற்றத்திலும் நியாயம் இருக்கிறது. அதே ஆய்வாளர்கள் 1988 இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரையின்படி, ஃபீடர் இருந்த இடத்தில் பனிக்காலத்தைத் தாண்டிப் பிழைத்த சிக்கடீக்கள் 100க்கு 69. இல்லாத இடத்தில் 37. இந்த வித்தியாசம் முழுக்கக் கடுங்குளிர் மாதங்களில் வந்தது. சாதாரண நாளில் உங்கள் ஃபீடர் அவற்றுக்கு ஒரு வசதி. இந்தக் கிழமை மாதிரி ஒரு கிழமையில் அது உயிர்ப் பிரச்சினை. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் எப்போது மினக்கெட வேண்டும், எப்போது நிம்மதியாகப் பயணம் போகலாம் என்பது விளங்கும்.

சிக்கடீயை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கறுப்புத் தொப்பி, கறுப்புத் தாடி, வெள்ளைக் கன்னம். நம் ஊர்ப் பட்டாணிக் குருவியின் குடும்பம்தான். எடை ஏறக்குறைய இரண்டு லூனி, அதாவது இரண்டு ஒரு டொலர் நாணயம். ஒரு விதையை எடுத்துக்கொண்டு கொப்புக்குப் போய், இரண்டு காலுக்கும் நடுவே அதைப் பிடித்து, தலையை முழுக்க ஓங்கி ஓங்கிக் கொத்தும். கோது உடைந்து பருப்பு வந்ததும் விழுங்கிவிட்டு அடுத்ததுக்கு வரும். ஒரு விதைக்கு ஒரு பறப்பு. ஏன் இந்த அவசரம் என்றால், டிசெம்பர் கடைசியில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணி நேரம்தான். அதற்குள் தின்று சேர்க்கும் கொழுப்பை எரித்துத்தான் மீதிப் பதினைந்து மணி நேர இருட்டைக் கடக்க வேண்டும். பகலில் அதன் உடல் வெப்பம் 42 பாகை. இரவில் மரப்பொந்துக்குள் தனியாக ஒடுங்கி, அந்த வெப்பத்தைப் பத்துப் பாகைக்கு மேல் தானே இறக்கிக்கொள்ளும், கொழுப்பு விடியும்வரை காணட்டும் என்று. விடிகிறபோது கையிருப்பு கிட்டத்தட்டத் தீர்ந்திருக்கும்.

அதனால் இருட்ட ஒரு மணி நேரம் முன்பும், விடிகிற நேரத்திலும் சாப்பாடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். கார்டினல் என்ற அந்தச் சிவப்புக் குருவி சரியாக மங்கல் வெளிச்சத்தில்தான் வரும், காலையில் முதலில், மாலையில் கடைசியில். நீங்கள் எட்டரைக்குத் தேநீர் குடித்துவிட்டுப் போனால் அதற்குப் பிந்திவிடும்.

ஸ்னோவைவிட நான் பயப்படுவது, விழுந்த இடத்திலேயே ஐஸாகிவிடும் உறைமழைக்கு. 2013 டிசெம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் மூன்று இலட்சம் வாடிக்கையாளர்களுக்குக் கரண்ட் போனது, ஞாபகம் இருப்பவர்களுக்கு இருக்கும். எங்கள் வீடும் இருட்டு. முந்தின இரவு ஃபீடரை நிரப்பியிருந்ததால் நான் அதை மறந்துவிட்டேன். மத்தியானம்போல் பார்த்தால், விதை எடுக்கும் துளைகளெல்லாம் ஐஸால் மூடிக் கண்ணாடிக் குழாய்போல இருந்தது. உள்ளே விதை நிறைய. ஒரு சிக்கடீ வந்து துளையைக் கொத்துகிறது, வழுக்குகிறது, போகிறது, திரும்ப வருகிறது. மரத்தில் தேடலாம் என்றால் ஒவ்வொரு கொப்பும் ஐஸுக்குள் இருக்கிறது. காலையிலிருந்து எத்தனை தரம் வந்து போயிருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் மனம் கேட்பதில்லை. ஃபீடரை உள்ளே கொண்டுவந்து, சுத்தியல் பிடியால் தட்டி, வெறுங்கையால் தேய்த்துத் துளைகளைத் திறந்தேன். அன்றிலிருந்து உறைமழை என்று சொன்னாலே இரவில் அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு, விடியமுன் மாட்டுவேன்.

இனி உங்கள் பின்வளவு. கம்பத்தடிக்குப் பாதை வெட்டவே வேண்டாம். 2025 பெப்ரவரி நடுவில் அரை மீற்றர் அளவு கொட்டியபோது நான் செய்தது இதுதான். டெக் கதவுக்கு வெளியே ஒரு மேசை அளவு இடத்தை மட்டும் தரை தெரியச் சுரண்டினேன், அதன்மேல் ஒரு பழைய நாற்காலியைச் சரித்து வைத்தேன். அவ்வளவுதான். ஸ்னோ தொடர்ந்து விழுந்தாலும் நாற்காலிக்குக் கீழே தரை தெரிந்தது. ஜங்கோ என்ற சின்னச் சாம்பல் குருவிகளும் புறாக்களும் தரையில் பொறுக்கித் தின்பவை, அவற்றுக்கு இந்தத் தரைதான் வேண்டும். சுரண்டிய இடத்தில் வழுக்காமல் இருக்க உப்பைப் போடாதீர்கள், மணல் போடுங்கள். உப்புக் கல்லைக் குருவிகள் பொறுக்கி விழுங்கும், சின்ன உடம்புக்கு அது நஞ்சு. அப்புறம், ஈர ஸ்னோ ஈயம்போலக் கனக்கும். அம்மாவின் கையில் ஸ்னோ அள்ளும் சவளைக் கொடுக்காதீர்கள்.

அம்மாவின் சோறு பற்றி. அதில் பிழையில்லை. பிரிட்டனின் ஆர்.எஸ்.பி.பி. பறவைப் பாதுகாப்புச் சங்கமே கடுங்குளிரில் உப்பில்லாத சோறு நல்லது என்று சொல்கிறது. உப்புப் போட்ட சோறும், கறி பட்ட மிச்சமும் மட்டும் வேண்டாம். ஆனால் இங்கத்தைய குளிரில் சோறு அரை மணியில் கல்லாகிவிடும், மிஞ்சினால் எலி வரும். ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம், ஒரு தட்டில் வைத்து, பிறகு தட்டை எடுத்துவிடட்டும். சோற்றைவிட ஜங்கோக்களுக்கு உகந்த ஒரு தானியம் இருக்கிறது. கடைகளில் வெள்ளை மில்லட் என்று பறவைத் தீனிப் பைகளில் வருவது நம் பனிவரகேதான். பெயரிலேயே பனி இருக்கிறது, அம்மாவுக்குப் பிடிக்கும்.

கோது நீக்காத கறுப்புச் சூரியகாந்தி விதை, உப்பில்லாத கச்சான், இவை போதும். தேங்காய் உடைத்தால் ஒரு பாதியைத் துளைபோட்டுக் கட்டித் தொங்கவிடலாம், தண்ணீர் ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டு. காய்ந்த தேங்காய்த் துருவலைத் தனியாக வைக்காதீர்கள், வயிற்றுக்குள் போய் ஊதும். வெறும் சிரட்டை இன்னும் பயனுள்ளது. அதற்குள் கொழுப்பும் விதையும் சேர்த்து அடைத்தால் மரங்கொத்திகூட வரும். அம்மா மாட்டுக்கொழுப்பைத் தொடமாட்டா என்றால், உப்பும் சீனியும் இல்லாத கச்சான் பட்டரில் சோளமாவைப் பிசைந்து அடைக்கலாம், அதையும் விரும்பித் தின்னும். பாணில் சத்தில்லை, வயிற்றை நிரப்பி ஏமாற்றும். கடுங்குளிரில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நனைந்த விதை கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். இரண்டு கிழமைக்கு ஒருதரம் ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து ஃபீடரைக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். ஸ்னோ நாளில் எல்லாக் குருவியும் ஒரே இடத்தில் கூடுவதால் நோயும் அங்கேதான் தொற்றும்.

அம்மாவின் கால் கேள்விக்குப் பதில்: குருவியின் காலில் கீழே போகிற சூடான இரத்தக் குழாயும் மேலே வருகிற குளிர்ந்த குழாயும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. போகிற சூட்டை வருகிற இரத்தம் வாங்கிக்கொண்டு உடம்புக்குத் திரும்புகிறது. பாதத்துக்கு உறையாத அளவு சூடு மட்டும் போய்ச் சேரும். ஒற்றைக்காலில் நின்று மற்றதை இறகுக்குள் இழுத்து வைத்திருப்பதும் அதற்குத்தான்.

பயணம் போகும்போது ஃபீடரைத் திடீரென்று கழற்றாமல், கடைசி வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அக்கம்பக்கத்தில் வேறு வீடுகளிலும் ஃபீடர் இருக்கும், அவற்றை உங்கள் குருவிகள் ஏற்கெனவே அறியும். நீங்கள் போகும் நாளில் பெரும் புயல் ஏதும் சொல்லியிருந்தால் மட்டும், நாற்காலிக்குக் கீழே ஒரு டப்பா விதையைக் கொட்டிவிடும்படி பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்ராறியோவில் 1976 இல் லோங் பொயின்ற் பறவை ஆய்வகம் வீட்டுக்காரர்களைக் கொண்டு தொடங்கிய, ஃபீடருக்கு வரும் குருவிகளை எண்ணும் கணக்கெடுப்புத்தான் பிறகு வட அமெரிக்கா முழுவதும் பரவியது. யன்னலடியில் இருந்து எண்ணினால் போதும், அம்மாவால் நன்றாகச் செய்ய முடியும். திரும்பி வந்ததும் ஃபீடரை மாட்டிய நேரத்தையும், முதல் சிக்கடீ வந்த நேரத்தையும் அவவை ஒரு கொப்பியில் குறித்துவைக்கச் சொல்லுங்கள். எனக்கும் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா