டியூக் எலிங்டனைப் பியானோ கலைஞராக அறிய எந்தப் படப்பதிவுகளைப் பார்க்க வேண்டும்?

அமெரிக்க ஜாஸ் இசையமைப்பாளர் எலிங்டனின் பெரிய இசைக்குழுவைப் பல காலமாகக் கேட்டு வந்தும், எக்காளங்களுக்கும் சாக்ஸஃபோன்களுக்கும் நடுவே அவருடைய பியானோ தனியாகப் பிடிபடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் தனித்தோ இரண்டு மூன்று பேருடனோ வாசித்ததைப் படம்பிடித்து வைத்திருக்கிறார்களா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வைத்திருக்கிறார்கள். பெரிய குழுவோடு அவர் இருக்கும் படங்களோடு ஒப்பிட்டால் இவை மிகக் குறைவுதான். ஆனாலும், அவருடைய கலையைப் புரிந்துகொள்ள எனக்கு இவைதான் அதிகம் உதவின.

முதலில் 1966-ஆம் ஆண்டுப் பதிவைப் பாருங்கள். அந்த ஆண்டு ஜூலை மாதம் எலிங்டனின் குழுவும் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டும் தென் பிரான்சில் நடந்த ஜாஸ் விழாவுக்கு வந்திருந்தபோது, தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் அதைப் படமாக்கினார். அந்தப் படத்தின் ஒரு பகுதி செயின்ட்-பால்-டி-வான்ஸ் என்ற ஊரிலுள்ள மேக்ட் அறக்கட்டளை அருங்காட்சியகத்தின் திறந்தவெளியில் எடுக்கப்பட்டது. ஓவியர் ஜோன் மீரோவின் சிற்பங்கள் நிற்கும் அந்தத் தோட்டத்தில், மீரோவும் உடனிருக்க, எலிங்டன் பாஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியத்தை வாசிக்கும் ஜான் லாம்ப், டிரம்ஸ் வாசிக்கும் சாம் உட்யார்ட் ஆகிய இருவரை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு வாசிக்கிறார். மீரோவின் பெயரிலேயே ஒரு புளூஸும் அங்கே வாசிக்கப்படுகிறது. நீங்கள் தவறாமல் பார்க்க வேண்டியது ‘தி ஷெப்பர்ட்’ என்ற உருப்படி. நியூயார்க்கில் ஜாஸ் கலைஞர்களிடையே பணியாற்றிய ஜான் கென்சல் என்ற லூத்தரன் போதகருக்கு எலிங்டன் காணிக்கையாக்கியது அது. நிதானமான நடையில் செல்லும் அந்தப் புளூஸில் இடக்கை கீழ்ச்சுரங்களை அழுத்தமாக ஊன்றி வைக்க, வலக்கை பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை ஒருசேரத் தட்டி, மணி அடித்தாற்போன்ற ஒரு நாதத்தை எழுப்பி, அது கரைந்து முடியும் வரை காத்திருக்கிறது. இசைத்தட்டில் இந்த இடம் வெறும் இடைவெளியாகவே காதில் விழும். படத்திலோ அந்த இடைவெளியில் அவர் என்ன செய்கிறார் என்பது தெரிகிறது: கையை உயர்த்தி நிறுத்தி, துணைவர்களுக்குக் காது கொடுத்து, அடுத்து எதை எந்த அழுத்தத்தில் வைப்பது என்று முடிவெடுக்கிறார். பதினைந்து பேரை நடத்தும்போது இருக்கும் அதே தலைமை, இரண்டே பேரை நடத்தும்போதும் அவரிடம் இருக்கிறது.

இந்தப் பதிவுகளை நான் இவ்வளவு பெரிதாகக் கருதுவதற்குக் காரணம் உண்டு. எலிங்டனோடு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் இணைந்து இசையமைத்த பில்லி ஸ்ட்ரேஹார்ன், எலிங்டன் பியானோ வாசித்தாலும் அவருடைய உண்மையான வாத்தியம் அவருடைய குழுதான் என்று எழுதினார். அது முற்றிலும் சரியான கணிப்பு. ஆனால் அதையே எல்லோரும் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததில், பியானோ கலைஞரை யாரும் பொருட்படுத்தாமல் போனார்கள் என்பதே என் ஆதங்கம். எலிங்டன் இளம் வயதில், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பியானோ கலைஞர் ஜேம்ஸ் பி. ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’ உருப்படியைத் தானியங்கிப் பியானோவில் மெதுவாக ஓடவிட்டு, தாமாக அமிழும் கட்டைகளின் மேல் விரல்களை வைத்து வைத்தே பாடம் செய்தவர். இடக்கை ஒரு சுரத்துக்கும் ஒரு சுரக்கூட்டுக்குமாகத் தாவித் தாவித் தாளம் காக்கும் அந்த ஹார்லெம் பாணியிலிருந்துதான் அவர் கிளம்பினார். பின்னர் அதிலிருந்து சுரங்களை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். ஜாஸ் பியானோ கலைஞர் தெலோனியஸ் மாங்க் 1955-இல் முழுக்க முழுக்க எலிங்டனின் உருப்படிகளை வைத்தே ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்ததை நினைத்துக்கொண்டு மேக்ட் தோட்டத்துப் பதிவைப் பார்த்தால், மாங்கின் முரட்டுச் சுரக்கூட்டுகளுக்கு மூத்த உறவு எங்கே இருக்கிறது என்பது விளங்கும்.

எலிங்டனின் பழைய குறும்படங்களிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் வேண்டுகோள். 1929-இல் வந்த ‘பிளாக் அண்ட் டான்’, 1935-இல் வந்த ‘சிம்பனி இன் பிளாக்’ இரண்டும் அரிய படங்கள்தாம். பின்னதில் இளம் பில்லி ஹாலிடே பாடுகிறார் என்பதற்காகவே அதைப் பார்க்கலாம். ஆனால் அவை கதைக்காக எடுக்கப்பட்டவை. 1941-இல் உருவான சவுண்டீஸ் என்ற, காசு போட்டுப் பார்க்கும் இயந்திரங்களுக்கான துண்டுப் படங்களோ, முன்கூட்டியே பதிவு செய்த இசையை ஓடவிட்டு அதற்கேற்ப வாயையும் கையையும் அசைத்து எடுக்கப்பட்டவை. விரல்கள் என்ன செய்கின்றன என்று பார்க்க விரும்பும் உங்களுக்கு அவற்றால் பயன் இராது.

ராபர்ட் ட்ரூ எடுத்த ‘ஆன் தி ரோட் வித் டியூக் எலிங்டன்’ என்ற ஆவணப்படம் வேறு வகையானது. 1967-இல் பயணங்களின்போது அவரைப் பின்தொடர்ந்து படமாக்கியது அது. இசை நிகழ்ச்சியை முழுதாகக் காட்டுவது அதன் நோக்கம் இல்லை என்றாலும், மேடைக்கு வெளியே பியானோவும் அவருமாக இருக்கும் நேரங்கள் அதில் கிடைக்கின்றன. அந்த ஆண்டு மே 31 அன்று ஸ்ட்ரேஹார்ன் இறந்துபோனார். அந்த இழப்பும் படத்தில் இடம்பெறுகிறது. அதைப் பார்த்த பிறகு, அதே ஆண்டு ஸ்ட்ரேஹார்னின் நினைவாக எலிங்டன் பதிவு செய்த இசைத்தட்டில், குழுவினர் வாத்தியங்களை எடுத்து வைத்துக்கொண்டிருக்கையில் அவர் தனியாக வாசித்த ‘லோட்டஸ் பிளாசம்’ உருப்படியைக் கேளுங்கள். அது படமாக்கப்படவில்லை, ஆனால் அவருடைய தனி வாசிப்பைப் பற்றிப் பேசும்போது அதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

கடைசியாக, 1973 ஜனவரி 8 அன்று லாஸ் ஏஞ்சலஸ் ஒலிப்பதிவுக்கூடத்தில் நடந்த அமர்வு. இதற்கும் ஏற்பாடு கிரான்ஸ்தான். கிதாரில் ஜோ பாஸ், பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் லூயி பெல்சன். எலிங்டனுக்கு அப்போது வயது 73. இந்த அமர்வின் படப்பதிவு ‘தி லாஸ்ட் ஜாம் செஷன்’ என்ற பெயரில், முன்பு சொன்ன 1966-ஆம் ஆண்டுப் படத்தோடு சேர்ந்தே டிவிடியாக வந்திருக்கிறது; ஒலி மட்டும் ‘டியூக்ஸ் பிக் ஃபோர்’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தது. பெல்சன் ஐம்பதுகளின் தொடக்கத்தில் எலிங்டனின் குழுவில் இருந்தவர். ரே பிரவுனோ முந்தைய மாதம்தான் எலிங்டனோடு இருவர் மட்டுமாக ஓர் இசைத்தட்டைப் பதிவு செய்திருந்தார். மேக்ட் தோட்டத்தில் பக்கவாத்தியக்காரர்கள் எலிங்டனின் நிழலிலேயே நடக்கிறார்கள். இங்கே சுற்றி இருப்பவர்கள் தத்தம் வாத்தியத்தில் பெரும் பெயர் எடுத்தவர்கள், ஆகவே வாசிப்பில் கொடுக்கல் வாங்கல் கூடுகிறது. பியானோவுக்கும் கிதாருக்கும் வேலை ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஒன்றின் காலை மற்றொன்று மிதிக்காமல் பார்த்துக்கொள்வது எளிதன்று. எலிங்டன் அதற்குக் கண்ட வழி, தம்முடைய சுரங்களை இன்னும் குறைத்துக்கொள்வது. படத்தைப் பார்த்து முடித்தபின் இசைத்தட்டில் ‘காட்டன் டெயில்’ உருப்படியை மட்டும் கேட்டுப் பாருங்கள். அந்த வேகத்திலும் அவர் எங்கே ஒதுங்கி ஜோ பாஸுக்கு வழிவிடுகிறார், எங்கே ஒரே ஒரு சுரக்கூட்டை இடையில் செருகி அவரை வேறு பக்கம் திருப்புகிறார் என்பது, கைகளைப் பார்க்காமலேயே உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.