ஏறும்போது இன்ஜின் நின்றுபோனால் சின்ன விமானம் என்ன செய்யும்?

கேள்வி: மலாக்காவில் ஜாசின் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே போகும்போது சில சமயம் சத்தம் அடங்கி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்கிறது. இன்ஜின் நின்றுவிடுகிறதா? மேலே ஏறும்போதே நின்றால் விமானம் விழுந்துவிடாதா? அப்படியே திரும்பி வந்து இறங்கிவிடலாமே?

பதில்:

முதல் கேள்விக்குச் சுலபமான பதில். நீங்கள் கேட்பது பெரும்பாலும் பயிற்சிதான். நல்ல உயரத்தில் போகும்போது பயிற்றுநர் திராட்டலை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடியை, பின்னால் இழுத்துவிட்டு, "இன்ஜின் போச்சு, எங்கே இறக்கப் போறே?" என்று மாணவரைக் கேட்பார். இன்ஜின் மெதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். ரொம்ப நேரம் அப்படியே விட்டால் குளிர்ந்துவிடும் என்பதால் நடுநடுவே திராட்டலைத் திறந்து மூடுவார்கள். உங்களுக்கு விட்டுவிட்டுக் கேட்கும் உறுமல் அதுதான். நானும் பத்து பெரெண்டாமில் ஓட்டக் கற்றவன். உங்கள் பக்கத்துச் செம்பனைக்கு மேலே இந்தக் கேள்விக்கு நிறைய முறை பதில் சொல்லியிருக்கிறேன்.

இனி நிஜமாகவே நின்றால் என்ன ஆகும் என்று பார்ப்போம். விமானத்தைத் தூக்கிப் பிடிப்பது இறக்கை; இறக்கைக்கு வேண்டியது காற்றோட்டம். இன்ஜின் இல்லாவிட்டாலும் உயரத்தைச் செலவழித்து அந்தக் காற்றோட்டத்தை வாங்கிக்கொள்ளலாம். செஸ்னா 172 ஓர் அடி இறங்குவதற்குள் ஏறக்குறைய 9 அடி முன்னே போய்விடும். சமமாகப் பறக்கும்போது இன்ஜின் நின்றால், இடம் தேடவும் யோசிக்கவும் நேரம் கிடைக்கும்.

ஏறும்போது நின்றால் அந்த நேரம் கிடையாது. மேட்டில் சைக்கிள் மிதிக்கும்போது சங்கிலி அறுந்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான். செஸ்னா 172எஸ் மாடல் வேகமாக உயரம் ஏறுவது 74 நாட்டில், அதாவது மணிக்கு சுமார் 137 கிலோமீட்டரில். மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். இழுவிசை போன மறுகணமே எடையும் காற்றின் தடையும் சேர்ந்து பின்னால் இழுக்கும். மூக்கை அப்படியே பிடித்து வைத்திருந்தால் நொடிக்கு 4 நாட் அளவில் வேகம் குறையும். இந்த விமானத்தின் இறக்கை 48 நாட்டுக்குக் கீழே காற்றைப் பிடிக்காது; அதைத்தான் ஸ்டால் என்கிறோம். 74-லிருந்து 48-க்கு வர ஆறேழு நொடி போதும். "ஐயோ, என்ன ஆச்சு?" என்று திகைப்பதிலேயே பாதி போய்விடும்.

அதனால் முதல் வேலை மூக்கைக் கீழே தள்ளுவது. அதுவும் மெல்ல இல்லை, திட்டவட்டமாக. விமானம் தானாகவும் கொஞ்சம் மூக்கைத் தாழ்த்தும். வால்பகுதி மேல் அடித்துக்கொண்டிருந்த விசிறிக் காற்று குறைவதும் அதற்கு ஒரு காரணம். ஆனால் மனிதக் கை அதற்கு விடாது. தரை பக்கத்தில் இருக்கும்போது கண்ணாடி முழுக்கச் செம்பனை மட்டையாகத் தெரியும்படி மூக்கைக் குத்துவதற்கு உடம்பே ஒத்துக்கொள்ளாது. இருக்கையில் எடை குறைந்து வயிறு மேலே வரும். கை தன்னாலே பின்னுக்கு இழுக்கப் பார்க்கும். மேலே 3,000 அடியில் இதைத் திரும்பத் திரும்பப் பழக்குவது அந்தக் கையை மாற்றத்தான்.

காலுக்கும் ஒரு வேலை உண்டு. முழு விசையில் ஏறும்போது மூக்கு இடப்பக்கம் இழுக்கும் என்பதால் விமானி வலது ரட்டரை (வாலில் உள்ள திருப்புப் பலகையின் மிதியை) மிதித்துக்கொண்டே இருப்பார். இன்ஜின் நின்றதும் இடப்பக்க இழுப்பு போய்விடும், கால் மட்டும் அங்கேயே இருக்கும். மூக்கு வலப்பக்கம் வெட்டும். வேகம் குறைந்த நேரத்தில் இந்த வெட்டல் விமானத்தைச் சுழலுக்குள் தள்ளிவிடலாம். பலர் கையைப் பற்றியே பேசி இதை விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, விசிறி உடனே நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். எதிர்காற்றில் அது சுற்றிக்கொண்டே இருக்கும், போதாததற்குத் தடையாகவும் இருக்கும்.

சரி, ஏன் திரும்பக்கூடாது? ஓடுபாதை பின்னாலேயே இருக்கிறது, பழகின இடம், ஆசை வரத்தான் செய்யும். கணக்கு என்ன சொல்கிறது என்று பாருங்கள். 70 நாட்டில் 45 பாகை சாய்த்துத் திரும்பினால் வளைவின் ஆரம் சுமார் 130 மீட்டர். 180 பாகை திரும்பி முடித்தால் ஓடுபாதைக்கு 260 மீட்டர் பக்கவாட்டில் நிற்பீர்கள். ஆகவே அதற்கும் மேலே திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் கொஞ்சம் திரும்பித்தான் நேராக்க முடியும். சாய்க்கச் சாய்க்க ஸ்டால் வேகமும் ஏறும்: 45 பாகையில் 48 என்பது 57 ஆகிறது, 60 பாகையில் 68. இன்ஜின் இல்லாமல் இந்த விமானம் நன்றாக மிதக்கும் வேகமே 68தான்! அதாவது அவசரத்தில் இன்னும் கொஞ்சம் சாய்த்தால், சரியான வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போதே இறக்கை கைவிடும். எதிர்காற்றில் கிளம்பியவர் இப்போது பின்காற்றில் இறங்கவேண்டும் என்பது தனிக் கணக்கு.

திரும்பவே கூடாது என்று நான் சொல்லவில்லை. போதுமான உயரம் இருந்தால் முடியும். எத்தனை அடிக்கு மேல் திரும்புவது என்பதை ஓடுபாதையில் நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும், காற்றில் போய் யோசிக்கக் கூடாது. 2009 ஜனவரி 15-ல் நியூயார்க்கில் பறவைகள் மோதி ஏர்பஸ் ஒன்று இரண்டு இன்ஜினும் போய் ஹட்சன் ஆற்றில் இறங்கியதே, 155 பேரும் பிழைத்தார்களே, ஞாபகமா? பிறகு சிமுலேட்டரில் பார்த்தபோது, பறவை மோதிய அந்தக் கணமே திரும்பியவர்களில் சிலரால் ஓடுபாதைக்கு வரமுடிந்தது. மனிதன் புரிந்துகொண்டு முடிவெடுக்க 35 நொடி சேர்த்துப் பார்த்தார்கள், வரமுடியவில்லை.

400 அடியில் இன்ஜின் போனால் கையில் இருப்பது அரை நிமிடம், முன்னால் ஒரு கிலோமீட்டர் சொச்சம். மூக்குக்கு முன்னால், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் முப்பது பாகைக்குள் எது கிடைக்கிறதோ அதில் இறங்கவேண்டியதுதான். நம் ஊரில் அது அநேகமாகச் செம்பனை.

இதைப் பற்றி நம்மைவிட யாருக்குத் தெரியும்? மேலேயிருந்து பார்த்தால் வரிசைக்கு நடுவில் ஓடுபாதை மாதிரி சந்து தெரியும். ஏமாறக்கூடாது. 9 மீட்டர் முக்கோண நடவில் வரிசைக்கும் வரிசைக்கும் 8 மீட்டர்கூட இல்லை. செஸ்னாவின் இறக்கை 11 மீட்டர். தோட்டத்துச் செம்மண் சடக்கு ஆசைகாட்டும், ஆனால் இருபக்கமும் மட்டை, கால்வாய், சில இடங்களில் கரண்டுக் கம்பி. என்னைக் கேட்டால் மறுநடவு செய்த காடுதான் முதல் தேர்வு. வெட்டிப்போட்ட பழைய மரங்களை வரிசையாகக் குவித்திருப்பார்கள், அந்த வரிசையோடு இணையாக இறங்கவேண்டும். அது கிடைக்காவிட்டால், உயரமான பழைய மரங்களைவிட மட்டைகள் அடர்ந்து விரிந்த குட்டையான இளமரங்கள் மேல். பால்மரக் காடு கடைசி: உயரம் அதிகம், உச்சி மெலிசு, கீழே வெறும் தண்டு. மரத்தில் இறங்கும்போதும் எதிர்காற்றில், பிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடலை) முழுக்க இறக்கி, மூக்கைச் சற்றுத் தூக்கி, ஸ்டால் ஆகாத அளவுக்குக் குறைந்த வேகத்தில் மட்டைமேல் உட்காரவைக்க வேண்டும். 85 நாட்டில் மோதினால் 60 நாட்டைவிட இரண்டு மடங்கு ஆற்றல்.

இன்ஜின் ஏன் நிற்கிறது என்பது தனிப் பதில். நம் சீதோஷ்ணத்தில் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: எரிபொருளில் தண்ணீர். பறப்பதற்கு முன் டேங்கின் அடியிலிருந்து ஒரு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்போம். அவ்காஸ் என்கிற விமானப் பெட்ரோல் லேசான நீல நிறம்; தண்ணீர் அடியில் முத்து மாதிரி தனியாக நிற்கும். கோப்பை முழுக்கவே தண்ணீராக இருந்தால் கோடு எதுவும் தெரியாது, சுத்தமாக இருப்பதுபோல் தோன்றும். வெள்ளை இறக்கைக்கு எதிரே பிடித்து நீலம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், முகர்ந்தும் பார்க்கவேண்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. உங்கள் தோட்டத்தில் நிஜமாகவே ஒன்று இறங்கிவிட்டால் சிகரெட்டை அணைத்துவிட்டுப் போங்கள், பெட்ரோல் கசிந்திருக்கும். விசிறியைத் தொடாதீர்கள், இன்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோ சுவிட்ச் அணையாமல் இருந்தால் கையால் அசைத்தாலே சுற்றிவிடலாம். 999-க்கு அழைக்கும்போது தோட்டத்தின் பெயரோடு பீல்டு நம்பரையும் சொல்லுங்கள், தண்டலை மெயின் ரோட்டுக்கு அனுப்பி நிற்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ் எந்தச் சடக்கில் திரும்புவது என்று தெரியாமல் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும்.