அரம் கெடுவது பெட்டிக்குள்

அன்புள்ள ஐயா,

மன்னார்குடியில் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா நாச்சியார்கோயிலில் விளக்குப் பட்டறையில் வேலை பார்த்தவர். அவருடைய அரங்களுக்கு நல்லெண்ணெய் தடவி, வேட்டித் துணியில் சுற்றி, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மழைக்காலம் முடிந்து திறந்தால் எல்லாம் துரு. பித்தளையில் வைத்தால் வழுக்குகிறது. இவற்றை மீட்க முடியுமா? இனி எப்படி வைப்பது? தேறாததை என்ன செய்வது?

வாசகர், மன்னார்குடி

அன்புள்ள நண்பருக்கு,

துருவை விட எனக்குக் கவலை தருவது, எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டிருந்தீர்கள் என்பதுதான். கரி அதிகமுள்ள எஃகைக் கடினப்படுத்தித்தான் அரம் செய்கிறார்கள். மற்ற உலோகத்தை அது அறுப்பதும் அந்தக் கடினத்தால்தான், அதன் பல் நொறுங்குவதும் அதனால்தான். அதே கடினமுள்ள இன்னொரு அரம் உரசினால் பல்லின் நுனி உதிரும். டப்பாவுக்குள் கை விட்டு வேண்டியதைத் தேடும் ஒவ்வொரு முறையும் இது நடக்கிறது. நான் பார்த்த வரையில், வீட்டுப் பட்டறைகளில் வேலை செய்து தேய்ந்த அரத்தை விட, பெட்டிக்குள் கிடந்து கெட்ட அரமே அதிகம்.

ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி இடம். நம் பக்கம் போர்வெல் போட்ட வீட்டில் பிவிசி குழாய்த் துண்டு கிடைக்காமல் போகாது. அரத்தை விடக் கொஞ்சம் குட்டையாக நறுக்கி, வரிசையாகக் கட்டி, சாய்வாக ஒரு பலகையில் பொருத்துங்கள். பத்து அங்குலப் பட்டை அரம் ஒன்றரை அங்குலக் குழாயில் தாராளமாக நிற்கும். கைப்பிடி மேலே, வெளியே தெரிய வேண்டும். அடியில் அரம் நழுவி விழாமல் ஒரு சட்டம் போதும், குழாயை முழுக்க அடைத்துவிடாதீர்கள். காற்று போய்வர வேண்டும். தரையிலோ ஈரம் கசியும் சுவரிலோ வைக்கவும் வேண்டாம்.

மூடிய டப்பாவும் பருத்தித் துணியும் டெல்டாவுக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தைத் துணி குடித்து வைத்துக்கொள்ளும். மார்கழியில் வேறு தொல்லை: இரவில் குளிர்ந்த எஃகின் மேல் காலை ஈரக்காற்று பட்டதும் வியர்க்கும். நல்லெண்ணெய் நாளாக நாளாகப் பிசுக்காகி, தூளையும் புழுதியையும் பல்லுக்குள் பிடித்து வைக்கும். அன்றாடம் எடுக்கும் அரத்துக்கு எண்ணெயே வேண்டாம், எண்ணெய் இருந்தால் வேலையில் வழுக்கும். மழைக்காலத்தில் மாதக்கணக்கில் தொடப்போவதில்லை என்றால் மட்டும் மெஷின் ஆயிலை மெல்லிசாகத் தடவி வையுங்கள். திரும்ப எடுக்கும்போது மண்ணெண்ணெய் விட்டு பிரஷால் கழுவித் துடைத்துவிட வேண்டும். பல்லை வெறுங்கையால் தடவிப் பார்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். வியர்வையில் உப்பு இருக்கிறது.

இப்போது இருப்பவற்றை மீட்கப் பார்ப்போம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கம்பி பிரஷால் பல்வரிசை போகும் திசையிலேயே தேயுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். பல்லிடுக்கில் சிக்கிய தூளுக்கு ஒரு பித்தளைத் தகட்டின் விளிம்பை வரிசையோடு தள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்த விளிம்பே சீப்பு மாதிரி ஆகி, இடுக்கில் இறங்கி வாரிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு சுத்தமாகப் போன பிறகு, துரு மிச்சமிருந்தால் வினிகரில் ஒரு ராத்திரி போடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எடுத்து ஆப்பசோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே வெயிலில் காயவையுங்கள். எடுத்து வைக்கப்போகும் அரத்துக்கு மட்டும் மெஷின் ஆயில் பூசுங்கள். அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பல்நுனி பளபளவென்று மின்னினால் அது மழுங்கிவிட்டது.

மழுங்கத் தொடங்கியதைப் பித்தளைக்கு எடுக்காதீர்கள். பித்தளைக்குக் கூரான பல் வேண்டும். புது அரத்தை முதலில் பித்தளைக்கு வைத்து, கூர் குறைந்தபின் இரும்புக்கு மாற்றுவது பழைய பட்டறை வழக்கம். கைப்பிடியில் பெயிண்ட் அடையாளம் போட்டுவிட்டால் குழம்பாது. அலுமினியம், செம்பு ராவும் முன் பல்லில் சாக்பீஸ் தேய்த்தால் தூள் ஒட்டாது. முடிந்ததும் துடைத்துவிடுங்கள், அந்தப் பொடி ஈரம் இழுக்கும்.

தேறாததை எக்காரணம் கொண்டும் நெம்புகோலாகப் பயன்படுத்தாதீர்கள், படக்கென்று உடைந்து முகத்தில் தெறிக்கும். கொல்லரிடம் கொடுங்கள். சூடேற்றி மெதுவாக ஆறவிட்டு, உளியாகவோ கத்தியாகவோ அடித்துத் தருவார். கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள், அடுத்த அரத்துக்கு ஆகும்.