இருட்டுக் காட்சிகளில் அசையும் புள்ளிகள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கணினியை 4கே தொலைக்காட்சியுடன் ஹெச்டிஎம்ஐ கேபிள் மூலம் இணைத்துப் படம் பார்க்கிறேன். பகல் காட்சிகளில் குறையே இல்லை. இரவுக் காட்சி வந்தால் மட்டும் கறுப்பும் கருநீலமுமான பகுதிகளில் பொடிப்பொடியான புள்ளிகள் ஓயாமல் அசைகின்றன. பிளேயரில் ‘டிதரிங்’ என்ற வசதியை நிறுத்தினால் புள்ளிகள் குறைகின்றன. ஆனால் இரவு வானம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிகிறது. எதை ஏற்றுக்கொள்வது? தொலைக்காட்சியை மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்ற வேண்டாம். டிதரிங்கை நிறுத்தவும் வேண்டாம். அந்தப் புள்ளிகள் வேண்டுமென்றே சேர்க்கப்படுபவை. சேர்க்கப்படுவது தவறல்ல, உட்காரும் தூரத்திலிருந்தே கண்ணில் படும் அளவுக்கு அவை பெரிதாவதுதான் தவறு. ஆகவே அவற்றைப் பெரிதாக்குவது எது என்றுதான் தேட வேண்டும்.

8 பிட் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள் உண்டு. வீடியோக் கோப்புகளில் ஒளியளவுக்குப் பெரும்பாலும் 16 முதல் 235 வரையிலான 220 படிகளே பயன்படுகின்றன. பிளேயர் அவற்றைத் திரைக்குரிய வண்ணங்களாக மாற்றும்போது 10.4 போன்ற பின்ன எண்கள் வருகின்றன. திரைக்கோ முழு எண்தான் அனுப்ப முடியும். ஒவ்வொன்றையும் அருகிலுள்ள முழு எண்ணாக மாற்றினால் ஒரு பரப்பு முழுவதும் 10 ஆகவும் அடுத்த பரப்பு முழுவதும் 11 ஆகவும் மாறி, இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு தெரியும். நீங்கள் கண்ட பட்டைகள் இவையே. அப்படி மாற்றுவதற்கு முன் சிறிதளவு இரைச்சலை, அதாவது ஒழுங்கற்ற சிறு ஏற்றத்தாழ்வைச் சேர்ப்பதே டிதரிங். அப்போது பத்துப் பிக்ஸல்களில் ஏறத்தாழ ஆறு 10 ஆகவும் நான்கு 11 ஆகவும் அமையும். செய்தித்தாள் புகைப்படத்தின் மைப்புள்ளிகளைச் சாம்பல் நிறமாகக் காண்பதுபோல் கண் அவற்றின் சராசரியை எடுத்துக்கொள்ளும். இந்த வழியைப் படங்களுக்குப் பயன்படுத்தி 1962-இல் கட்டுரை வெளியிட்டவர், பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பை உருவாக்குவதில் முன்னின்ற லாரன்ஸ் ராபர்ட்ஸ். அவருடைய முறையில், அனுப்பும் முனையில் சேர்த்த இரைச்சலைப் பெறும் முனையில் கழித்துவிடுவார்கள். இன்றைய பிளேயர்கள் சேர்ப்பதோடு நின்றுவிடுகின்றன. அதனால்தான் இரைச்சலில் ஒரு துளி திரையிலேயே தங்குகிறது.

அது இருட்டில் மட்டும் தெரிவதற்குக் காரணம் உண்டு. கண் ஒளியின் ஏற்றத்தாழ்வைப் பெரும்பாலும் விகிதமாகவே உணர்கிறது. காமா (படி எண்ணைத் திரையின் ஒளியாக மாற்றும் விதி) 2.2 என்று அமைந்த திரையில் 200-ஆம் படியிலிருந்து 201-க்குப் போனால் ஒளி ஏறத்தாழ 1 விழுக்காடுதான் கூடும்; 10-இலிருந்து 11-க்குப் போனாலோ 23 விழுக்காடு கூடும். பகல் காட்சியில் மறைந்துவிடும் அதே ஒற்றைப் படி, இரவுக் காட்சியில் பெரிய தாவலாகிறது. ஆனாலும் 10-ஆம் படி மிக மங்கலானது. திரை சரியாக அமைந்திருந்தால் வழக்கமான தூரத்திலிருந்து அந்தத் தாவல் கண்ணில் படாது.

முதலில் பார்க்க வேண்டியது கறுப்பின் அளவு. கணினி 16–235 என்ற வரம்பில் அனுப்ப, தொலைக்காட்சி 0–255 என்று எதிர்பார்த்தால், கறுப்பு அடர்சாம்பலாகி, மறைந்திருக்க வேண்டிய புள்ளிகளும் வெளிச்சத்துக்கு வந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டின் அமைப்பிலும் தொலைக்காட்சியின் ‘பிளாக் லெவல்’ அமைப்பிலும் ஒரே வரம்பை வையுங்கள். இருட்டைத் தூக்கிக் காட்டும் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஷார்ப்னஸ் போன்றவற்றையும் குறைத்துவிடுங்கள். இத்தகைய புகார்களில் பாதி இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது கேபிள். ஹெச்டிஎம்ஐ 2.0 இணைப்பின் கொள்ளளவு நொடிக்கு 18 கிகாபிட். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் 4கே ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) படம் அதில் 8 பிட்டாக மட்டுமே செல்லும். 10 பிட்டுக்கு இடமில்லை. திரைப்படங்களோ நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்டவை. படம் பார்க்கும்போது புதுப்பிக்கும் வேகத்தை 24 ஹெர்ட்ஸாகக் குறைத்தால் அதே கேபிளில் 10 பிட் தாராளமாகச் செல்லும். அப்போது பிளேயரின் டிதரிங்கையும் 10 பிட்டுக்கு மாற்றிவிட்டால் ஒவ்வொரு படியும் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கும். தொலைக்காட்சியின் பேனல் 10 பிட் என்றால் புள்ளிகளைத் தேடினாலும் காண்பது அரிது. செலவில்லாத இந்த மாற்றத்தைப் பலர் செய்துபார்ப்பதே இல்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: என் பழைய மானிட்டரிலும் இதே தொல்லை. புள்ளிகள் படத்திலேயே இருக்கின்றனவா, திரை உண்டாக்குகிறதா என்று எப்படி அறிவது?

பதில்: இருண்ட காட்சி ஒன்றில் படத்தை நிறுத்தி வையுங்கள். அப்போதும் புள்ளிகள் அசைந்தால், அவை மானிட்டரிலோ கிராஃபிக்ஸ் கார்டிலோ உண்டாகின்றன. விலை குறைந்த பல பேனல்கள் உண்மையில் 6 பிட் கொண்டவை. 64 படிகளை வைத்துக்கொண்டு, பிக்ஸலை இரண்டு படிகளுக்கு இடையே விரைவாக மாற்றி மாற்றி இடைப்பட்ட நிறத்தைத் தோற்றுவிக்கின்றன. அங்கே ஒரு படி என்பது 8 பிட்டின் நான்கு படிகளுக்குச் சமம். பிளாஸ்மா திரைகளிலும் இதே நடுக்கம் உண்டு, ஏனெனில் அவற்றின் பிக்ஸல் எரியும் அல்லது அணையும், இடைநிலை கிடையாது. இவ்விரண்டுக்கும் சற்றுப் பின்னால் தள்ளி உட்காருவதே நடைமுறையில் பலன் தரும்.

நிறுத்தியதும் புள்ளிகள் உறைந்துவிட்டால், பிளேயரின் டிதரிங்கை ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். மாற்றம் இல்லையென்றால் அது ஃபிலிமின் துகள் அல்லது கேமராவின் இரைச்சல். படம் எடுத்தவர்கள் விட்டுவைத்ததை நாம் துடைக்கத் தேவையில்லை. புள்ளிகளாக இல்லாமல் சதுரக் கட்டங்களாகத் தெரிந்தால், கோப்பை அளவுக்கு மீறிச் சுருக்கியிருக்கிறார்கள் என்று பொருள்; அதை எந்த அமைப்பாலும் முழுமையாக மீட்க முடியாது.

கேள்வி: படத்தைச் சுருக்கிச் சேமிக்கும்போதே டிதரிங் சேர்த்துவிடலாமா?

பதில்: 8 பிட்டில் குறைந்த பிட்ரேட்டுக்கு (ஒரு நொடிப் படத்துக்கு ஒதுக்கும் தரவின் அளவு) சுருக்கினால் பயனில்லை. ஒழுங்கற்ற புள்ளிகளைச் சேமிக்க மிகுந்த இடம் வேண்டும். படத்தைச் சுருக்கும் மென்பொருளான என்கோடர் அவற்றைத் துடைத்துவிட, பட்டைகள் திரும்பிவிடும். ஹெச்இவிசி அல்லது ஏவி1 முறையில் 10 பிட்டாகச் சேமியுங்கள். டிதரிங்கைப் படம் ஓடும் நேரத்தில் பிளேயரே சேர்த்துக்கொள்ளட்டும்.