'கோ-எட்' என்று எழுதும் மகளுக்கு ஆங்கில வினையின் காலம் மாற்றப் பழக்குவது எப்படி?

நான்காம் வகுப்பு படிக்கும் மகள் ஆங்கிலத்தில் 'கோ'வுக்கு (go) இறந்தகாலம் 'கோ-எட்' (goed) என்று எழுதுவதாகச் சொல்கிறீர்கள். பயப்பட வேண்டாம், 'எட்' சேர்க்கும் விதி அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்றுதான் அர்த்தம். விதிக்கு அடங்காத வினைகளைத்தான் தனியாகப் பழக வேண்டும்.

தமிழில் போகிறேன், போனேன், போவேன் என்று காலம் வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் எதிர்காலத்துக்கு வினை மாறாது, முன்னால் 'வில்' வரும். இதைச் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

காட்பாடியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் ஒரே வாக்கியத்தைத்தான் திருப்பிக் காட்டுவேன்: 'எவ்ரி சண்டே வீ கோ டு த ஃபோர்ட்.' 'எவ்ரி சண்டே'யை அழித்து 'யெஸ்டர்டே' எழுதினால் 'வென்ட்'. 'டுமாரோ' என்றால் 'வில் கோ'. வேலூர்க் கோட்டையும் அகழியும் எல்லோரும் பார்த்தவை, அதனால் கதை தானாக வளரும்: 'வீ சா த மோட், வீ ஏட் சுண்டல்.' வாய்விட்டுச் சொன்ன பிறகே நோட்டில் எழுத விடுங்கள். அட்டவணை மனப்பாடம் எனக்குப் பிடிக்காது, மறுநாளே மறந்துபோகும்.

அப்புறம், 'டிட்' வந்தால் வினை பழைய உருவத்துக்கே திரும்பும்: 'டிட் யூ கோ?' பெரியவர்களே 'டிட் யூ வென்ட்' என்கிறார்கள், எனவே இதற்கு அவசரமில்லை. 'கட்', 'புட்' இரண்டும் இறந்தகாலத்திலும் மாறாது. அதில் பிள்ளைகளுக்கு ஒரே குஷி.